உஜோங் பாசிரில் ஒதுங்கிய ரப்பர் படகு

மெர்டேக்கா, அதாவது நாட்டுச் சுதந்திரம், வருவதற்கு முந்தின வருஷம், உஜோங் பாசிர் கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு ரப்பர் படகை அண்ணன் காஜா பெராங்கிலிருந்த எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தார். ஊதிப் பெரிதாக்குகிற பட்டாளத்துப் படகு. பக்கவாட்டில் மூன்று விரல் நீளத்துக்குக் கிழிசல். அதில் சாரோங் கைலித் துணியை முறுக்கி யாரோ திணித்திருந்தார்கள்.

"கடல்ல வச்சே அடைச்சிருக்காங்க," என்றார் அண்ணி. அப்போது அவர் மாசமாக இருந்தார். "அந்த ஆளு எங்கங்க?"

அண்ணனுக்கு அது காதில் ஏறவில்லை. சொந்தப் படகில் போய் நண்டு வலை போட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் பைத்தியம். துணியைப் பிடுங்கி எறிந்தார். சைக்கிள் கடையில் ஒட்டுகிற பசை தீர்ந்துபோயிருந்தது. சரக்கு எப்போது வரும் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. அதனாலென்ன, நாங்கள் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள்! ரப்பரைப் பற்றி எங்களுக்கு யார் பாடம் எடுப்பது என்ற திமிர் எங்கள் குடும்பச் சொத்து. குருபோங் தோட்டத்திலிருந்து ஒரு டின் ரப்பர் பால் வாங்கி வந்தோம். பழைய டியூப் துண்டை வைத்து, காயக் காய மேலே மேலே பூசினோம். நன்றாகப் பிடித்துக்கொண்டது. பச்சைப் பால் வெயிலில் இளகிவிடும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் கைபட்ட பால் அப்படிச் செய்யாது என்று நினைத்துவிட்டோம் போலிருக்கிறது.

"நானும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவதான். வெயில்ல ஒட்டு விட்டுரும், போவாதீங்க," என்று அண்ணி அழுதார்.

மறுநாள் விடியலில் அண்ணன் படகோடு கடலுக்குப் போய்விட்டார். மத்தியானம் வெயில் கொளுத்தியது. நானும் அண்ணியும் கரையில் நின்றோம்.

பொழுது சாயும் நேரத்தில் படகு வந்தது. ஒட்டு எங்கோ விழுந்துவிட்டிருந்தது. கிழிசல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. ஆனாலும் படகு விம்மி நின்றது. அண்ணன் மணலில் காலை வைத்த பிறகுதான் புஸ்ஸென்று அடங்கியது. இன்றைக்கும் எனக்கு அந்தச் சத்தம் ஆகாது.

அவர் கடலுக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்தார். பிறகு என்னிடம், "ஒட்டு மத்தியானமே போச்சுடா. பின்னால யாரோ படகுக்குக் காத்து ஊதிக்கிட்டே வந்தாங்க. மூச்சு வாங்குறது கேட்டுச்சு. திரும்பிப் பாக்க பயமா இருந்துச்சு," என்றார்.

நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அண்ணி அழவில்லை. படகைத் தாண்டிக் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்கள இவ்ளோ தூரம் கொண்டாந்து விட்டவர, அந்தத் துணி அடைச்ச ஆள, எறங்கி வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

அண்ணன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.