காகிதம் என்றால் நீலம்

அந்தத் தெருவில் நூற்று முப்பது வீடு. அத்தனை வீட்டுக் குப்பைக்கும் அவள் ஒருத்திதான். பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள், ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் அது நகராட்சி வருகைப் பதிவேட்டில் மட்டும் கிடந்தது. மற்றபடி, உரக்காரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும்.

காலை ஆறு மணிக்குத் தள்ளுவண்டி கிளம்பும். வண்டியில் பச்சைத் தொட்டி ஒன்று, நீலத் தொட்டி ஒன்று. ஒன்பதுக்குத் தெருக்கோடிக் கொட்டகைக்குப் போய்விடுவாள். அங்கே காய்கறித் தோலையும் காய்ந்த சருகையும் அடுக்கடுக்காகப் போட்டு மூட வேண்டும். நீளமான இரும்புக் கம்பி ஒன்று வைத்திருந்தாள். அதைக் குவியலுக்குள் செருகிச் சற்று நேரம் விட்டு உருவி, உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பாள். கை பொறுக்காத சூடு என்றால் உள்ளே வேலை நடக்கிறது. வெறும் வெதுவெதுப்பு என்றால் புரட்டிப் போட வேண்டும். நாற்பது நாளில் குப்பை கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த மண் மாதிரி மணக்கும்.

கணவன் போய்ச் சேர்ந்து ஏழு வருடம். கட்டிக்கொடுத்த மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். ஒற்றை அறை, ஒரு ஜன்னல். ஒரு நாளைக்கு அவள் கை தொடும் சூடு அந்தக் கம்பியின் சூடு ஒன்றுதான். ஆனாலும் அதைச் சொல்லி அழுகிறவள் இல்லை அவள்.

பிடிவாதக்காரி. தோல் பச்சையில், காகிதம் நீலத்தில் என்று நகராட்சி ஒரு முறை தண்டோரா போட்டதோடு சரி. மூன்று வருடம் வீடுவீடாக நின்று நடத்திக் காட்டியது அவள்தான்.

"ஒரு துண்டுக் காகிதம் பச்சையில விழுந்தா குடியா முழுகிடும்?"

"முழுகும். எடு. நீலத்துல போடு."

"நீ எடுக்க மாட்டியா?"

"நான் எடுத்தா உனக்கு எப்போ புத்தி வரும்?"

வாளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். திட்டினார்கள். மேலே எழுதிப் போடுவோம் என்றார்கள். மூன்றாம் வருடம் பச்சைத் தொட்டியில் ஒரு பஸ் டிக்கெட்கூடக் கிடையாது. தெருவே அவள் சொல்லுக்குப் பழகிவிட்டது என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை.

அந்த வருடம் மழை கொஞ்சம் ஓங்கி அடித்தது. கொட்டகைத் தகரத்தில் தட்டு அகலத்துக்கு ஓர் ஓட்டை. மாற்றிக் கொடுங்கள் என்று நாலு தரம் சொல்லிப் பார்த்தாள். யார் காதிலும் ஏறவில்லை. குவியல் நனைந்தது, ஊறியது, நாறியது. கொட்டகைக்கு எதிர் மாடியில் குடியிருந்த ரிட்டயர்டு அதிகாரி மனு எழுதினார். கொட்டகையை மூடிவிட்டு, குப்பையை மொத்தமாக லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொட்டிவிடலாமே என்று நகராட்சியும் யோசிக்க ஆரம்பித்தது. எதற்கும் ஜனங்களை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கருத்துக் கேட்புக்கு நாள் குறித்தார்கள். வீட்டுக்கு ஒரு சீட்டு. நகராட்சி முத்திரை மட்டும் இருக்கும், எதுவும் எழுத வேண்டாம். 'இருக்கட்டும்', 'வேண்டாம்' என்று இரண்டு பெட்டி, கொண்டுவந்து ஏதாவது ஒன்றில் போட்டால் போதும்.

விஷயத்தைச் சொல்ல குமாஸ்தா கொட்டகைக்கே வந்தார். நல்ல மனுஷன், மூக்கைப் பொத்தாமல் பேசினார்.

"ஞாயித்துக்கெழம எட்டு டு பன்னெண்டும்மா. நீங்க அந்தப் பக்கமே வரக் கூடாது. மிரட்டி வாங்கிட்டாங்கன்னு பேச்சு வரும்."

"நான் யாரத் தம்பி மிரட்டப் போறேன்?"

"ஒரு காகிதத்துக்கே அந்த மிரட்டு மிரட்டுறீங்க!"

அவள் சிரித்தாள். அந்த ஞாயிறு முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்தாள். மகள் போன் வந்தபோதும் இதைச் சொல்லவில்லை.

மறுநாள் நகராட்சிப் பலகையில் முடிவை ஒட்டினார்கள். இருக்கட்டும் என்றவர்கள் பதினொன்று. வேண்டாம் என்றவர்கள் தொண்ணூற்றேழு.

தெருக்காரர்கள் யாரும் அந்தப் பலகையை எட்டிப் பார்க்கவில்லை. அவள்தான் பார்த்தாள். இரண்டு தரம் பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதற்கடுத்த நாள் வழக்கம்போல ஆறு மணிக்குக் கிளம்பினாள். வாளியை வாங்கினாள், கொட்டினாள், கொடுத்தாள், யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்ன உரக்காரம்மா, வாய்க்குப் பூட்டா?" என்று கேட்டவர்களும் உண்டு. தொண்ணூற்றேழில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டாள். மூன்று வருடம் வாசலில் நின்று சண்டை போட்டதெல்லாம் உறவு என்று தான் எண்ணியிருக்க, அவர்கள் தொல்லை என்று எண்ணியிருக்கிறார்கள் போலிருக்கிறது. அது தனக்குத் தெரியாமல் போயிற்றே.

அந்த வாரம் மகளிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"இங்க வந்துடும்மா. கூடத்துல ஒரு கட்டில் போட்டுக்கலாம்."

"கூடத்துல உங்க மாமனார் இருக்காரே."

"அவரு டிவி பாத்துட்டுப் பத்து மணிக்கு உள்ள போயிடுவாரு."

"பத்து மணி வரைக்கும் நான் எங்க போறது?"

கேட்டுவிட்டு அவளே "பாக்கலாம்டி" என்று வைத்துவிட்டாள்.

கொட்டகையை ஒப்படைக்க வேண்டுமே என்று ஒரு மத்தியானம் குவியலை வாரிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். தெருவின் தையல்காரி துணிவெட்டில் மிஞ்சிய துண்டுகளைப் போட வந்தவள் திகைத்து நின்றாள்.

"எதுக்குக்கா மூட்ட கட்டுற?"

"மூடப் போறாங்க. தொண்ணூத்தேழு பேரு வேண்டாம்னுட்டாங்க."

"எந்த மகராசி சொன்னா? நான் உனக்குத்தான் போட்டேன். எங்க வீட்டு மாடி, கீழ் வீடு எல்லாமே உனக்குத்தான்."

"எதுல போட்ட?"

தையல்காரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நல்லாக் கேட்ட போ! காகிதத்தப் போயி பச்சையில போடுவேனா? நீலத்துலதான் போட்டேன்."

உரக்காரம்மா கையில் இருந்த சாக்கைக் கீழே விட்டாள்.

புதுப் பெட்டி எதற்கு என்று குமாஸ்தா கிடங்கில் கிடந்த இரண்டு தொட்டிகளை எடுத்து வைத்திருக்கிறார். பச்சை நல்ல நிறமாயிற்றே என்று அவளுக்காகவே அதில் 'இருக்கட்டும்' என்று ஒட்டி, நீலத்தில் 'வேண்டாம்' என்று ஒட்டியிருக்கிறார். ஒட்டியது மூடியில். ஜனங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று மூடியைத் திறந்தே போட்டிருக்கிறார், எழுத்து தரையைப் பார்த்துக்கொண்டு தொங்கியிருக்கிறது. வந்தவர்கள் பார்த்தது ஒரு பச்சைத் தொட்டி, ஒரு நீலத் தொட்டி, கையில் ஒரு காகிதம். மூன்று வருடப் பழக்கம். எங்கே போடுவது என்று யாரும் ஒருத்தரை ஒருத்தர் கேட்கக்கூட இல்லை.

அவள் அப்படியே சாக்கின் மேல் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அடுத்த நகராட்சிக் கூட்டத்தில் போய் நின்றாள். பொதுஜனம் பேச மூன்று நிமிடம். அவளுக்கு ஒரு நிமிடமே போதுமாக இருந்தது.

"ஐயா, காகிதம்னா நீலம்னு அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான். தப்பு என் பேர்ல. வாயால கேளுங்க, சொல்லுவாங்க."

மன்றமே விழுந்து விழுந்து சிரித்தது. தலைவரும் சிரித்து, மறுபடி கேட்க உத்தரவு போட்டார். இந்த முறை சீட்டு இல்லை. வீட்டுக்கு ஒருவர் குமாஸ்தா முன் வந்து வாயால் சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிறும் அவள் அறைக்குள்தான் இருந்தாள். ஆனால் ஜன்னல் திறந்திருந்தது.

மத்தியானம் தையல்காரி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "ஜெயிச்சாச்சுக்கா! அறுபத்திரண்டு! புதுத் தகரமும் போடுறாங்களாம்!"

"மீதி?"

"மீதி என்ன மீதி?"

"வேண்டாம்னு எத்தன பேரு?"

தையல்காரியின் குரல் இறங்கியது. "அம்பத்தஞ்சு. அத விடுக்கா."

விட முடியவில்லை. பழக்க தோஷம் என்று தள்ளிவிட இந்தத் தடவை தொட்டி இல்லை. ஐம்பத்தைந்து பேர் எழுந்து, செருப்பு மாட்டி, நடந்து வந்து, வேண்டாம் என்று வாயால் சொல்லியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு வண்டி கிளம்பியது. முதல் வீட்டு அம்மாள் வாளியை நீட்டி, "நான் உனக்குத்தான் சொன்னேன்" என்றாள். அடுத்த வீட்டிலும் அதையே சொன்னார்கள். அவள் எண்ணிக்கொண்டே போனாள். தெருக்கோடிக்கு வருவதற்குள் எண்பத்தாறு வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

கடைசி வீட்டில் மாடியிலிருந்து ரிட்டயர்டு அதிகாரியே வாளியோடு இறங்கி வந்தார்.

"ஏம்மா, நான் வேண்டாம்னுதான் சொன்னேன். தெரிஞ்சுக்க."

"தெரியும் சார்."

"நாத்தம் வந்தா மறுபடியும் எழுதுவேன்."

"எழுதுங்க சார். முதல்ல எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு எழுதுங்க."

அவர் ஒரு கணம் யோசித்துத் தலையை ஆட்டினார். வாளியில் தோல் மட்டும்தான் இருந்தது, சுத்தமாகப் பிரித்தது. அன்றைக்கு அந்த ஒரு வாசலில்தான் அவள் சற்று நேரம் நின்றாள்.

பிறகு கொட்டகைக்குள் போனாள். நகராட்சி ஆள் அதற்குள் வந்து ஓட்டைக்குப் புதுத் தகரம் போட்டுவிட்டுப் போயிருந்தான். சாக்கை அவிழ்த்து மறுபடி அடுக்கியிருந்த குவியலிலிருந்து கம்பியை உருவி உள்ளங்கையில் வைத்தாள். கை பொறுக்காத சூடு. உடனே எடுக்க வேண்டியவள், கொஞ்சம் வைத்துக்கொண்டிருந்தாள்.