மூன்றாவது கம்பி

எழுபதுகளின் நடுவில், ஒரு மாசி மாதம், பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் எங்கள் மாந்தோப்பு வீட்டில் நடந்தது இது. அப்போது என் மகளுக்குப் பதினோரு வயது. முந்தைய வருடம்தான் அவளுக்குச் சர்க்கரை வியாதி என்று கண்டுபிடித்திருந்தார்கள். தினமும் இன்சுலின் ஊசி. மருந்துக் குப்பியை ஈர மணல் நிரப்பிய பானையில் வைத்துப் பார்த்தேன். எங்கள் ஊர் வெயிலுக்கு அது போதவில்லை. மருந்து கெட்டுப்போய், பிள்ளை ஒருநாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். ஃப்ரிட்ஜ் வாங்கியே தீர வேண்டும் என்று அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டேன்.

கோயமுத்தூரிலிருந்து திரும்பும் மாங்காய் லாரியில், காலிக் கூடைகளுக்கு நடுவே ஃப்ரிட்ஜைப் படுக்கப் போட்டுக் கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டில் எல்லா முடிவும் என் கணவரின் அண்ணன் எடுப்பதுதான். கடைசிவரை வேண்டாம் என்றவர், பெட்டி வந்து இறங்கியதும் சொந்தக்காரர்களை எல்லாம் மறுநாள் ஐஸ் தண்ணீர் குடிக்க வரச் சொல்லிவிட்டார்.

கூடவே வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரித்தவள் நான் மட்டும்தான். பத்தாவது வரை படித்தவள். நிமிர்த்தி வைத்து, சில மணி நேரம் விட்டுத்தான் ஓட விட வேண்டும் என்பது புரிந்தது. 'எர்த் இல்லாமல் இணைக்காதே' என்று தடித்த எழுத்தில் இருந்ததுதான் புரியவில்லை. எர்த் என்றால் பூமி. ஃப்ரிட்ஜுக்கும் பூமிக்கும் என்ன சம்பந்தம்?

மறுநாள் காலை கொல்லங்கோட்டுக்குப் பஸ் ஏறி, மகளின் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். "பூமியேதாங்க" என்று சிரித்தார். பிளக்கின் மூன்றாவது கம்பி மண்ணுக்குள் போக வேண்டும்; உள்ளே வயர் பழுதானால் கரண்டு அது வழியாக இறங்கிவிடும்; அது இல்லாவிட்டால் தொடுகிற ஆள் மேல் பாயும் என்று விளக்கினார். எங்கள் வீட்டில் ரேடியோவுக்கான இரண்டு துளை பிளக் பாயிண்டுதான் இருந்தது.

கடைத்தெரு வேலைகளை முடித்து நான் திரும்புவதற்குள் சாயங்காலமாகிவிட்டது. வீடு நிறைய ஆட்கள். என் கணவரின் அண்ணன் கூட்டிவந்த வயர்மேன் மூன்றாவது கம்பியை வெட்டிச் சுருட்டிவிட்டு, மற்ற இரண்டையும் ரேடியோ பிளக்கில் மாட்டி, அப்போதுதான் சுவிட்சைப் போட்டிருந்தார். மோட்டார் உறுமியது. எல்லோரும் கை தட்டினார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து குழாயடியில் கால் கழுவிய என் மகள், ஈரக் காலோடு கதவைத் திறக்க ஓடினாள்.

ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

"ஏம்மிணி, என்ன பண்றே? ஊரே வந்து நிக்குது" என்றார் கணவரின் அண்ணன்.

"எர்த் போடாம இதை ஓட்ட உடமாட்டனுங்க மாமா."

"கம்பெனிக்காரன் ஆயிரம் எழுதுவான். வயர்மேனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

வயர்மேனும், "ஒண்ணும் ஆகாது சேச்சி, எல்லா வீட்லயும் இப்படித்தான்" என்றார். என் கணவர் மெல்ல, "உட்டுரு, எல்லாரும் பாக்கறாங்க" என்றார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. ஆனாலும் சுவிட்சின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"நீங்க யாரு சொன்னாலும் சரி, இதைத் தினமும் தொறக்கப்போறது எம் பொண்ணுதானுங்க. எல்லாரும் தள்ளி நில்லுங்க. ஏனுங்க வயர்மேன், இப்பப் போடறேன், டெஸ்டர் வெச்சுப் பாருங்க."

அலுத்துக்கொண்டே அவர் கதவின் கைப்பிடியில் டெஸ்டரை வைத்தார். அதன் சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது.

கைப்பிடி வரை கரண்டு வந்திருந்தது. வயர்மேன் முகம் வெளுத்துவிட்டது. அவரே பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தால், மோட்டார் பக்கத்தில் வயரின் மேலுறை உரசிக் கிழிந்து, செம்பு வெளியே தெரிந்தது. லாரி குலுக்கலில் ஆனது.

அன்று ஐஸ் தண்ணீர் இல்லாமலே எல்லோரும் போனார்கள். மறுநாள் காலையில் என் கணவரின் அண்ணனே கடப்பாரையோடு வந்து குழி வெட்டினார். கரியும் உப்பும் போட்டு, கம்பி இறக்கி, கிழிந்த வயரை மாற்றி, டெஸ்டர் எரியவில்லை என்று நானே பார்த்த பிறகுதான் மருந்துக் குப்பியை உள்ளே வைத்தேன். பிறகு அவர் ஊரெல்லாம், "எர்த் இல்லாம எங்க ஊட்ல ஒரு சாமான் ஓடாது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அது யார் சொன்னது என்று மட்டும் சொன்னதில்லை. போகட்டும்.

மகளுக்கு இப்போது பேரப்பிள்ளை வந்துவிட்டது. சபையில் எதிர்த்துப் பேசிய மருமகள் என்று சொந்தத்தில் சிலர் இன்றைக்கும் என்னைச் சொல்வதுண்டு. ஆமாம், பேசினேன், இன்னொரு தடவை அப்படி நிற்க வேண்டி வந்தாலும் சுவிட்சில் கை வைத்தபடி அங்கேயேதான் நிற்பேன்.