மகள் ஜெயபுரத்தில், நான் கராஜில்

கல்லூரியிலிருந்து ஆறு மாதத் தொழிற்பயிற்சிக்குப் போனவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை: கராஜுக்கு நாங்கள் கல்லூரிப் பிள்ளைகள், கல்லூரிக்குக் கராஜ் பிள்ளைகள். எனக்கு இன்னொன்றும் இருந்தது. இருபத்தாறு வயதில் மறுபடி படிக்க வந்த எனக்கு மூன்று வயதில் ஒரு மகள். அவளைக் கணவரோடு ஜெயபுரத்தில் விட்டுவிட்டு, வவுனியாவில் உழவு இயந்திரம் திருத்தும் கராஜில் சேர்ந்தேன்.

முதல் நாள் சாப்பாடு

தலைமை மெக்கானிக் சிவராசா அண்ணை வீட்டு விபரம் கேட்டார். பிள்ளை இருக்கிறதென்றால் வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயம். "நானும் அவரும் மட்டுந்தான்" என்றேன். மத்தியானம் சாப்பிடும்போது, என்னையறியாமல் சோற்றை மூன்று சின்ன உருண்டையாக உருட்டி ஓரத்தில் வைத்திருக்கிறேன். கூட வேலைசெய்யும் தயாளன் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, இது ஆருக்கு, காகத்துக்கோ?"

ஐந்து நிமிடம்

வேலை நேரத்தில் போன் எடுக்கக்கூடாது. பத்து மணித் தேத்தண்ணிக்குக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில்தான் மகளின் குரல். எத்தனை பேர் இப்படித் தேத்தண்ணியை ஆறவிட்டிருப்பீர்கள்! ஒருநாள் அவள் போனுக்கு வரவேயில்லை. நித்திரை என்றார் கணவர், விளையாடுகிறாள் என்றார், கடைசியில் உண்மையைச் சொன்னார்.

"போனைக் கண்டாலே ஓடுறாள். கதைச்சு முடிய நீ போயிடுவியாம்."

இறுக்காத நட்

மகளுக்குக் காய்ச்சல் என்று காலையில் தகவல். அந்த யோசனையில், எஞ்சினின் அடி நட்டை இறுக்காமல் புது ஒயில் ஊற்றிவிட்டேன். அவ்வளவும் நிலத்தில். கல்லூரிக்குப் போகும் அறிக்கையில் இது ஏறினால் பயிற்சியில் சித்தியடைய முடியாது. சிவராசா அண்ணையிடம், மகள் இருப்பதை மறைத்ததையும் சேர்த்து அழுதுகொண்டே சொன்னேன். அவர் சீலைத்துண்டில் கையைத் துடைத்தார்.

"ஒயில் போனால் வேற ஊத்தலாம். பிள்ளை காய்ச்சலா கிடக்கேக்க இஞ்ச என்ன செய்யிறாய்? பஸ்ஸுக்கு ஓடு."

வீட்டு வாசல்

பின்னேரம் போய்ச் சேர்ந்தபோது காய்ச்சல் விட்டிருந்தது. கையை நீட்டினேன். அவள் தகப்பனின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கூப்பிடாமல் நிலத்தில் இருந்தேன். கனநேரத்துக்குப் பிறகு மெல்ல வந்து, கறுத்துப்போன என் நகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தகப்பனிடம் திரும்பினாள்.

"அப்பா, இவா இண்டைக்கு நிப்பாவோ?"

அதன்பின் வெள்ளிதோறும் மத்தியானமே சிவராசா அண்ணை என்னை வீட்டுக்குக் கலைத்துவிடுவார். பயிற்சியில் சித்தியடைந்துவிட்டேன், அறிக்கையில் என் வரவு 'மிகத் திருப்தி' என்று இருக்கிறது, எந்த இடத்து வரவு என்றுதான் அதில் ஒருவரும் கேட்கவில்லை.