இருவீட்டார் அழைப்பு

'இருவீட்டார் அழைப்பு' என்று அச்சடித்த பத்திரிகையை யாராவது நீட்டினால் எனக்கு உடம்பு கூசுகிறது.

என் மகன் கல்யாணத்துக்கு அப்படிப் போடச் சொன்னதே நான்தான். மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்று பிரிப்பது எனக்குப் பிடிக்காது என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

திருக்கோகர்ணத்து மண்டபத்தில் முதல் பந்தியில் எங்கள் ஆட்கள் உட்கார்ந்தார்கள். இரண்டாவதிலும் எங்கள் ஆட்களே. பந்திக்கு வடித்த அரிசி வல்லத்திராக்கோட்டையில் பெண் வீட்டார் வயலில் விளைந்தது. அவர்களோ சாப்பாட்டுக்கூடத்தின் வாசலில் ஒதுங்கி நின்றார்கள். அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் கை கழுவினேன்.

பெண்ணின் அம்மா என்னிடம் வந்தார்.

"அண்ணே, ஒங்க ஆளுக எல்லாரும் சாப்பிட்டாச்சுங்களா? எங்க ஆளுக இப்ப உக்காரலாமுங்களா?"

"ம், உக்காரச் சொல்லுங்க" என்று நானும் அனுமதி கொடுத்தேன்.