பெரியம்மா நடந்த வரப்பு

நடப்பதை ஒரு வைத்தியம் என்று டாக்டர் சொன்னதை எங்கள் ஊரில் முதலில் யாரும் நம்பவில்லை. மாத்திரை உண்டு, ஊசி உண்டு, பத்தியம் உண்டு. சும்மா நடப்பதற்குமா திருவாரூர் வரைக்கும் வண்டி கட்டிக்கொண்டு போய்க் கேட்டு வருவார்கள்?

பெரியம்மா என்றால் என் அப்பாவின் அண்ணன் மனைவி. குழந்தை இல்லாதவள். நான் பிறந்து பால்குடி மறந்ததும் அவள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேனாம். அப்புறம் எழுந்து வரவேயில்லை. அவளுக்கு உடம்பில் சர்க்கரை இருந்தது. கால் வீங்கி, மெட்டியை ஆசாரி வந்து வெட்டி எடுக்கும்படி ஆயிற்று. அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் மூச்சு வாங்கும். வீட்டில் வேலைக்கு ஆள் இருந்ததால் அவள் குனிய வேண்டிய அவசியம் இல்லை. குனிய அவசியமில்லாதது பெரிய பாக்கியம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

திருவாரூர் லேடி டாக்டர் அவள் கணுக்காலை விரலால் அழுத்தி, பள்ளம் விழுந்ததைப் பெரியப்பாவிடம் காட்டினார். "தினமும் காலையில நடக்கணும். வேர்க்கணும். ஒரு நாள்கூட விடக்கூடாது" என்றார்.

பெரியப்பா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கொல்லைக் கிணற்றைச் சுற்றி நடக்கலாம். பெரியம்மாவும் செக்குமாடு மாதிரி கொஞ்சநாள் சுற்றினாள். தலை சுற்றியதுதான் மிச்சம். கடைசியில், விடிந்தும் விடியாமலும் வாய்க்கால் கரையில் போய் வரலாம், துணைக்கு என்னைக் கூட்டிக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. பெரியப்பாவே கூத்தாநல்லூரிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி வந்து, அவள் பார்க்காதபோது கொல்லைப் படியில் வைத்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டுப் பெண்கள் ஊருக்குள் செருப்புப் போட்டு நடந்ததில்லை. பெரியம்மா அதை முந்தானைக்குள் மறைத்து எடுத்து வந்து, தெருமுனை தாண்டித்தான் காலில் மாட்டுவாள்.

முதல் நாட்கள் பெரும் சங்கடம். எதிரே வருகிறவர்கள் எல்லாரும், "எங்கம்மா இவ்ளோ தூரம்?" என்று கேட்டார்கள். எங்காவது போகாமல் ஒருத்தி எப்படி நடப்பாள்? அதனால் பெரியம்மா கையில் ஒரு பித்தளைச் செம்பை எடுத்துக்கொண்டாள். செம்பு இருந்தால் யாரும் கேட்கவில்லை.

வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் மட்டும் அந்தச் செம்பு செல்லவில்லை. பெரியம்மா கரையின் கோடி வரைக்கும் போய், செம்பில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் திரும்பி வருவதை அவர்கள் பார்த்துவிட்டார்கள். எங்கள் மாட்டுத்தொழுவத்தில் சாணி அள்ளுகிற அக்கா அவர்களில் ஒருத்தி. நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எங்களோட நடவுக்கு வந்துடுங்கம்மா. ஒரே மாசத்துல ஒடம்பு எளச்சிரும், டாக்டரே வேணாம்" என்றாள்.

எல்லாரும் பயந்துபோய்ப் பெரியம்மாவைப் பார்த்தார்கள். பெரியம்மா சிரித்தாள். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மறுநாளிலிருந்து செம்பு வீட்டிலேயே கிடந்தது.

ஐப்பசி மழை விட்ட காலை. இரண்டு பக்கமும் பச்சை. முன்னால் பெரியம்மா, பின்னால் நான். முதலில் அவளுக்காக நான் நின்று நின்று போனேன். கார்த்திகையில் இருவரும் சேர்ந்து போனோம். மார்கழியில் அவளைப் பிடிக்க நான் ஓட வேண்டியிருந்தது. கால் வீக்கம் வடிந்து, கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். ஒருநாள் கரையை வெட்டித் தண்ணீர் பாய்ச்சியிருந்த மடை குறுக்கே வந்தது. நான் சுற்றிப் போகலாம் என்று திரும்பினேன். பெரியம்மா அக்கம் பக்கம் பார்த்தாள், புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகினாள், தாண்டிவிட்டாள்! அந்தப் பக்கம் போய் நின்று, செய்யக்கூடாததைச் செய்துவிட்ட சிறுமி மாதிரி என்னைப் பார்த்தாள்.

"எங்க ஊர்ல வெட்டாத்த நீந்தி அக்கரைக்குப் போயிருக்கேன் தெரியுமா?" என்றாள். எனக்குத் தெரியாது. பெரியம்மாவுக்கு இந்த வீட்டுக்கு முன்னால் ஓர் ஊர் இருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

ஆட்சி மாறிய புதிது அது. டீக்கடையில் பெரியப்பாவைக் கண்டு எழுந்திருக்காதவர்கள் வந்துவிட்டார்கள். 'ஆண்டே' என்று கூப்பிட்டவர்கள் 'ஐயா' என்றார்கள். தை பிறந்து சம்பா முற்றியபோது, எங்கள் வயலில் வேலை செய்தவர்கள், கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாள் எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் தெருமுனையில் சிவப்புக் கொடி ஏறியது. பெரியப்பா, வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்துக்கொள்கிறேன் என்றார். பக்கத்து ஊரில் அப்படி இறக்கி, கைகலப்பாகி, ஒருவர் செத்துப்போயிருந்தார். சாணி அள்ளும் அக்கா வேலைக்கு வருவது நின்றது. வழியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டாள்.

"போதும், இனிமே வெளியில நடக்க வேணாம்" என்றார் பெரியப்பா.

"ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்களேங்க" என்றாள் பெரியம்மா. அதற்குமேல் அவர் தடுக்கவில்லை. அவளுடைய மூச்சு வாங்கல் நின்றதில் அவரைவிட சந்தோஷப்பட்டவர் வீட்டில் யாரும் இல்லை.

ஒரு சாயங்காலம், மறுநாள் நிறையப் பேருக்குச் சாப்பாடு வேண்டும் என்று அடுக்களைக்குத் தகவல் வந்தது. யாருக்கு என்று பெரியம்மா கேட்கவில்லை. பெரிய தவலையைத் துலக்கி வைக்கச் சொன்னாள்.

காலையில் அவள் வாய்க்கால் பக்கம் திரும்பாமல் ரோட்டோரத்துப் பெரிய வயலுக்குப் போனாள்.

"இந்தப் பக்கம் ஏன் பெரியம்மா?"

"அந்தப் பக்கம் பனி ஜாஸ்தி."

ரோட்டில் ஒரு லாரி நின்றிருந்தது. அதைச் சுற்றி நான் பார்த்திராத ஆட்கள், கையில் அரிவாளோடு. அவர்கள் முன்னால் பெரியப்பா. அவருக்கு இரு பக்கமும் கம்போடு, பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் வீட்டுக் காரியக்காரர்கள். எதிரே வயலுக்குள், கதிரை மிதிக்காமல் ஒதுங்கி, எங்கள் ஊர் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அக்காவும் இருந்தாள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஓர் அகலமான வரப்பு மட்டும்தான். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறி, நடக்க ஆரம்பித்தாள்.

சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். கோடி வரைக்கும் போனாள். திரும்பினாள். மறுபடியும் வந்தாள்.

கொடி பிடித்திருந்த ஒருவர், "அம்மா, ஒதுங்கிக்குங்க. வழியில நிக்காதீங்க" என்றார்.

"நிக்கலியேப்பா. நடக்குறேன்."

பெரியப்பா வரப்புக்குக் கீழே வந்து, பல்லைக் கடித்தபடி, "வீட்டுக்குப் போ" என்றார்.

"இன்னும் வேர்க்கலீங்க" என்றாள். நிற்காமலே சொன்னாள்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. லாரிக்காரர்களில் ஒருவர் குந்தி உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். பெரியம்மா போனாள், வந்தாள். அவள் வரப்பில் இருக்கும்வரை யாரும் அதைத் தாண்ட முடியாது; தாண்டினால் அவள்மேல் இடிக்க வேண்டும். எனக்குப் பசித்தது. வெயில் ஏறி, பனி காய்ந்து, அவள் ரவிக்கை முதுகோடு ஒட்டியது. வேர்த்துவிட்டது, போகலாமே என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்காத மாதிரி நடந்தாள். அவள் கை மட்டும் ஜில்லென்று இருந்தது.

ஒருவழியாக தாசில்தாரின் ஜீப் வந்தது. பின்னாலேயே போலீஸ் வேன். இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசினார்கள். மாலைக்குள் ஓர் ஒப்பந்தம் ஆகி, லாரி வந்த வழியே போனது. வெளியூர் ஆட்களுக்கு வடித்த சோறு எங்கள் வீட்டில் மிஞ்சியது. இரண்டு நாள் கழித்து எங்கள் ஊர் ஆட்களே அரிவாளோடு அறுப்புக்கு இறங்கினார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

பெரியப்பா அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் பெண்டாட்டி முந்தானைக்குப் பின்னால் ஒளிந்தவர் என்று அவர் ஜாதிக்காரர்களே பேசியது அவர் காதுக்கு வந்திருக்க வேண்டும். மறுநாள் விடியும்போது கொல்லைக் கதவுக்குக் குறுக்கே சாய்வு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பெரியம்மா பார்த்தாள். அடுக்களைக்குத் திரும்பிப் போனாள். அதற்கப்புறம் சில நாள் கிணற்றைச் சுற்றினாள். பிறகு அதுவும் இல்லை.

நான் ஆறாவது படிக்கத் தஞ்சாவூர் விடுதிக்குப் போன வருஷம் அவள் போய்ச் சேர்ந்தாள். அவள் வயதைத் தாண்டிவிட்டேன் நான். எனக்கும் சர்க்கரை உண்டு. எங்கள் காலனிப் பூங்காவில் தினமும் காலையில் கை வீசி நடக்கிறேன், எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. முன்னால் யாராவது கனத்த உடம்புக்காரி விறுவிறுவென்று போனால் போதும், அவளைப் பிடிக்க எனக்குள் ஒரு சிறுமி ஓட ஆரம்பித்துவிடுவாள்.

அறுப்பு முடிந்த அந்தச் சித்திரையில் மறுபடி அவளை டாக்டரிடம் கூட்டிப்போனோம். டாக்டர் கணுக்காலை அழுத்தினார். பள்ளம் விழுந்தது.

"நல்லா இறங்கியிருந்துதே! நடக்குறத ஏன் விட்டுட்டீங்க?"

பெரியப்பா ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மா, "எங்க ஊர் வழி சரியில்லீங்க டாக்டர். ஒரே சேறு. கால் வைக்க முடியல" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சித்திரை வெயிலில் வயலெல்லாம் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. வாய்க்காலில் நாங்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தோம். சேறு எங்கே இருக்கிறது என்று கேட்க வாயைத் திறந்தேன். பெரியம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். பெரியப்பா திரும்பவேயில்லை, தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்குள்ளேயே இருந்து இருந்து பெரியம்மாவுக்குக் காலம்கூட மறந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது வண்டியிலிருந்து காய்ந்த வயல்களை ஒவ்வொன்றாக அவளுக்குக் காட்டிக்கொண்டே வந்தேன்.