சிப்பிக் கத்தியும் ஒட்டு நகமும்

ப்ளஃப் துறைமுகத்துச் சிப்பிக் கொட்டகையில் மராமாவின் கை வேகத்துக்கு ஈடு கிடையாது. ஓட்டின் இடுக்கில் கத்தியை நுழைத்து ஒரு திருகு திருகுவாள், சிப்பி வாயைப் பிளந்துவிடும். மார்ச்சில் சிப்பிப் பருவம் தொடங்கினால் ஆகஸ்ட் முடிய ஓயாத வேலை. பெண்கள் வளையத்தில் பந்து போட்டு ஆடும் நெட்பால் லீக்கும் பாழாய்ப்போன அதே மாதங்களில்தான் வந்து தொலைக்கும். பகலெல்லாம் சிப்பி, சாயங்காலம் பக்கத்து நகரமான இன்வர்காகிலுக்குக் கார் ஓட்டிப் போய்த் தென்காற்று அணியோடு பயிற்சி. மேலே உப்பு வாடை, உள்ளே வியர்வை வாடை. பக்கத்தில் நிற்பவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

அணியில் ஒப்பந்தம் பத்துப் பேருக்கு மட்டும். மராமா அந்தப் பத்தில் இல்லை. அவள் பயிற்சித் துணை. அதாவது, இந்த வாரம் எந்த ஊர்க்காரியோடு மோதப் போகிறார்களோ, அந்த ஊர்க்காரியாகப் பயிற்சியில் அவள் நடிக்க வேண்டும். பிறவியிலேயே தடுப்பாட்டக்காரி. ஆனால் ஒரு வாரம் வெலிங்டன்காரி போலப் பந்து எறிவாள், மறு வாரம் ஆக்லாந்துக்காரி போல இடுப்பை ஆட்டிப் போக்குக் காட்டுவாள். அவளை மறித்துப் பழகிவிட்டு மற்றவர்கள் ஆட்டத்துக்குப் போவார்கள், இவள் வீட்டுக்குப் போய்த் தொலைக்காட்சியில் பார்ப்பாள். ஐந்து வருடமாக இதே கதை.

வயது முப்பத்துமூன்று. அடுத்த வருடம் சின்னப் பெண்களைத்தான் எடுக்கப்போவதாகப் பயிற்சியாளர் கிரேட்டா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். மராமாவுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. ஒரே ஒரு தடவை, நிஜ ஆட்டத்தில், மார்பில் தடுப்பாட்டக்காரிக்குரிய ஜி.டி. என்ற எழுத்தை ஒட்டிக்கொண்டு கோட்டுக்குள் கால் வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

லீக்கின் கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள் அவள் தம்பிக்குக் கல்யாணம். பெண்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி நகம் இருக்க வேண்டும் என்று மணப்பெண் ஒற்றைக் காலில் நின்றாள். இனி ஆட்டத்துக்கு யார் கூப்பிடப் போகிறார்கள் என்று மராமாவும் கையை நீட்டிவிட்டாள். இளஞ்சிவப்பில், முத்து பதித்த நீள ஒட்டு நகங்கள். சிப்பி உடைக்கிற கைக்கு வந்த வாழ்வைப் பாருங்கள் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள்.

ஞாயிறு காலை கிரேட்டா போனில் வந்தாள். "பெஞ்சுல இருக்கிற பொண்ணுக்கு வயித்தால போகுது. ஷூவ எடுத்துக்கிட்டு ஓடி வா."

மராமா ஓடினாள். ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் வரிசையில் நின்று கையை நீட்ட, நடுவர் ஒவ்வொரு விரல் நுனியையும் தடவிப் பார்ப்பது வழக்கம். மராமாவிடம் வந்ததும் நடுவரம்மா நின்றுவிட்டாள்.

"இது என்னம்மா கையா, கழுகா? யார் கண்ணையாவது நோண்டவா?"

வரிசையே கொல்லென்று சிரித்தது. கிரேட்டா சிரிக்கவில்லை. "அவ சும்மா உக்காரத்தான் வந்திருக்கா, மேடம். இறக்கமாட்டேன். விடுங்க."

"உக்காரட்டும். இந்த நகத்தோட உள்ள கால் வைக்கக் கூடாது."

இறக்கமாட்டேன் என்ற சொல் மராமாவுக்குச் சுருக்கென்று தைத்தது. யாரோ கொடுத்த நகவெட்டி அந்த ஒட்டு நகத்தில் பல்லை இளித்தது. அவள் காருக்குப் போனாள். பின்னால் கிடந்த சிப்பிக் கத்தியை எடுத்தாள். நகத்துக்கும் விரலுக்கும் நடுவே நுழைத்து, அதே திருகு. ஒவ்வொன்றாகத் தெறித்து விழுந்தன. மோதிர விரலில் மட்டும் ஒட்டு நகத்தோடு சொந்த நகமும் பாதி வந்துவிட்டது. அம்மாடி, உயிர் போயிற்று!

கிரேட்டா அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "உனக்கென்ன பைத்தியமா?" என்றாள்.

"ஆமா. நகம் போயிருச்சு. இப்ப இறக்கு."

கிரேட்டா விரலுக்கு இறுக்கமாக டேப் சுற்றினாள். நடுவர் மறுபடி தடவிப் பார்த்துத் தலையாட்டினாள்.

ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் தடுப்பாட்டக்காரி பிரான்வெனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கிரேட்டா பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். மராமா ஏற்கெனவே ஜி.டி. எழுத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

நொண்டிக்கொண்டு வெளியே வந்த பிரான்வென், "அக்கா, அந்த ஆக்லாந்துக்காரி ஏமாத்துவா. பாத்து!" என்றாள்.

"இந்த வாரம் பூரா நான்தானேடி அவளா இருந்தேன்."

அவள் உள்ளே போனாள். ஆக்லாந்துக்காரி இடப்பக்கம் போவது போல இடுப்பை ஆட்டினாள். மராமா அசையவில்லை. வலப்பக்கம் வரப்போகும் பந்துக்கு முன்கூட்டியே எம்பிப் பிடித்துவிட்டாள். அரங்கமே எழுந்து கத்தியது. அந்தப் பந்து எதிர்முனைக்குப் போய்க் கோல் ஆனது. அடுத்த பந்தையும் தட்டிப் பறித்தாள். அப்போதுதான் விசில் ஊதினார்கள். டேப் அவிழ்ந்து, வெள்ளைப் பந்தில் சிவப்பாக விரல் தடம். ரத்தம் வந்தால் வெளியேற வேண்டும், அதுதான் சட்டம். பிரான்வென் காலை உதறிக்கொண்டு திரும்ப உள்ளே வந்தாள். மராமா வெளியே போனாள். மறுபடி கூப்பிடவில்லை.

அணி இரண்டு கோலில் தோற்று, பட்டியலில் கடைசிக்குப் போய்ச் சேர்ந்தது. பெஞ்சில் ஆளாளுக்கு அழுதார்கள். மராமாவுக்கு அழுகை வரவில்லை. சந்தோஷம் தாங்க முடியவில்லை. இந்த நேரத்தில் சிரித்தால் அடிப்பார்கள் என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். பாவம், அவளும் அழுகிறாள் என்று நினைத்துக் கிரேட்டா முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

திங்கட்கிழமை கொட்டகையில் உப்புத் தண்ணீர் விரலில் பட்டதும் மராமா பல்லைக் கடித்தாள். பக்கத்தில் சிப்பி உடைத்துக்கொண்டிருந்த லோயிஸ் பார்த்துவிட்டாள்.

"ரெண்டு நிமிஷ ஆட்டத்துக்கு இது தேவையாடி? பேசாம பெஞ்சுல உக்காந்திருந்தா நகமாச்சும் மிஞ்சியிருக்கும்."

மராமா அடுத்த சிப்பியைக் கையில் எடுத்தாள்.

"நகம் வளந்துரும், லோயிஸ்."