நாற்பது கருவேலமும் என் கைக்கோடாலியும்

பிசின் வாங்குகிற தொழிலில் லாபம் ஒட்டுகிறதோ இல்லையோ, கை ஒட்டும். பிசின் விரலோடு சட்டைப் பொத்தானைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு என் அவஸ்தை புரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில், உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு சின்னச் சங்கத்தில் எனக்கு வேலை. ஏரிக்குள் நட்டிருந்த கருவேல மரங்களில் கோடையில் வடியும் பிசினை, ஊர் ஓரத்து இருளர் குடும்பத்தினர் எடுத்து வருவார்கள். நான் வாங்கிச் சுத்தம் செய்து கடைகளுக்குக் கொண்டு போவேன். கூட வேலை பார்த்த கன்னியம்மாவும் அந்தக் குடியிருப்புதான், என் வயது. கோடையில் வயல் வேலை கிடையாது. இருபது வீட்டு அடுப்பு அந்தப் பிசினால்தான் எரிந்தது.

இயற்கை சூயிங்கம்

பொட்டலத்தின் மேல் அப்படி எழுதி ஒட்டியது என் மூளைதான். காஞ்சிபுரத்து நாட்டு மருந்துக் கடையில் அதை வாங்கிப் போன ஒரு பெரியவர் அடுத்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்டார். பல்செட்டோடு மென்றிருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: “மேல் செட்டும் கீழ் செட்டும் ஒண்ணா ஒட்டிக்கிச்சுப்பா. அரை நாள் வூட்ல சண்டையே இல்ல. இன்னொரு பொட்டலம் குடு.”

புத்தகம் சொன்ன வழி

கன்னியம்மா பட்டையை ஒரு சாண் நீளத்துக்கு, அதுவும் மேலாக மட்டும் சீவுவார். இந்த வருடம் ஒரு பக்கம், அடுத்த வருடம் மறுபக்கம். பிசின் நன்றாகக் காயும்வரை தொடமாட்டார். எனக்குப் பொறுமை ஏது? ஆழமாக வெட்டினால் அதிகம் வடியும் என்று ஏதோ ஒரு புத்தகத்தில் படித்துவிட்டேன். அவர் பழையசீவரத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று, கைக்கோடாலியும் நானுமாக ஏரியின் கீழக்கரையில் நாற்பது மரங்களைக் கொத்தி வைத்தேன்.

திரும்பி வந்து பார்த்தவர் முதலில் என் கோடாலியைப் பறித்து வைத்துக்கொண்டார். களிமண்ணும் சாணியும் குழைத்து ஒவ்வொரு வெட்டாக அப்பினார். இரண்டு நாள் ஆயிற்று. நான் தண்ணீர் சுமந்தேன். அவமானத்தில் குடம் கனக்கவில்லை. கடைசி மரத்தில் அப்பிக்கொண்டே சொன்னார்: “காயம் பட்டா மரம் தனக்குப் போட்டுக்கிற மருந்து சார் பிசினு. நீ மருந்து வேணும்னு காயம் பண்ணிக்கினு கீறே.”

மர ஏலம்

அந்த மாதமே ஏரி மரங்களை ஏலம் விடப் போவதாகப் பஞ்சாயத்தில் தண்டோரா போட்டார்கள். கன்னியம்மா பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், பாதியையாவது விட்டுவைக்கும்படி தலைவரிடம் கேட்டார். நட்டதே வெட்டத்தானே, மதகைச் சரி பண்ணப் பணம் வேண்டாமா என்றார் தலைவர். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் அடுத்த கோடையில் இருபது வீட்டு அடுப்பும் எரியாது.

மரம் பார்க்கத் தலைவரோடு வியாபாரி வந்தார். கழியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே கீழக்கரைக்கு வந்தவர், களிமண் உதிர்ந்த இடத்தில் என் கைவண்ணத்தைப் பார்த்து நின்றுவிட்டார். நான் வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலைவரிடம் சொன்னார்: “எவனோ கூறு கெட்டவன் கொத்தி வெச்சிகீறான். பலகைக்கும் ஆவாது, வண்டிச் சக்கரத்துக்கும் ஆவாது. இந்த நாப்பதும் எனக்கு வேணாம்.”

திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான்.

ஆடுகள் போட்ட விதை

மற்ற மரங்கள் விழுந்தன. பார்க்கப் பொறுக்கவில்லை. கன்னியம்மா அழுதுகொண்டு உட்காரவில்லை. யாருக்கும் வேண்டாத நாற்பதைப் பிசினுக்கென்று விட்டுவிடுங்கள் என்று கிராம சபையில் எழுந்து கேட்டார். தலைவரும் சரி என்றார். மூன்று மரம் பட்டுப்போனது. மற்றவற்றில் காயம் மூடி, அடுத்த கோடையில் பிசின் கட்டியது.

விழுந்த காய்களை ஆடுகள் தின்றுவிட்டு வெறும் ஏரி முழுக்கத் திரிந்தன. மழை பெய்ததும் புழுக்கை கிடந்த இடமெல்லாம் கணுக்கால் உயரக் கருவேலங்கன்று. அதே ஆடுகள் மேயாமல் இருக்கப் பெண்கள் முள் வெட்டி அடைத்தார்கள். நானும் முள் சுமந்தேன். பத்து வருடத்தில் இது காடாகிவிடும் இல்லையா என்று கன்னியம்மாவிடம் கேட்டேன். அன்று பறித்த என் கோடாலி இன்னும் அவர் வீட்டில்தான் இருந்தது. அவர் சொன்னார்: “ஆவும் சார். நீ கோடாலியத் திருப்பிக் கேக்காம இருந்தா ஆவும்.”

புத்தகத்தைப் படித்துவிட்டு நான் செய்த காரியங்களில் உருப்பட்டது இது ஒன்றுதான், அதுவும் கன்னியம்மாவும் நாலு ஆடும் அதைத் திருத்திய பிறகு.